நன்றாக ஓடும் ரவுட்டரை ஏன் மாற்ற வேண்டும்?

டிவிக்கு மேலே ஆணியில் தொங்கும் வைஃபை ரவுட்டரை எந்த ஆண்டு வாங்கினோம் என்று கேட்டால் பெரும்பாலான வீடுகளில் பதில் இருக்காது. இடி மின்னலில் கருகிப்போனால் மாற்றுவோம். மாடி அறைக்கு சிக்னல் எட்டவில்லை என்று பிள்ளைகள் நச்சரித்தால் மாற்றுவோம். மற்றபடி படம் ஓடுகிறது, பாடம் ஓடுகிறது, வங்கிக் கணக்கு திறக்கிறது, பச்சை விளக்கும் சிமிட்டிக்கொண்டே இருக்கிறது. இந்த நிலையில் விவரம் தெரிந்த உறவுக்காரப் பையன் ஒருவன் வந்து, "மாமா, இது எட்டு வருஷத்துப் பெட்டி, மாத்திடுங்க" என்றால் யாருக்கும் எரிச்சல்தான் வரும். கெட்டுப்போகாத பொருளை எதற்காகத் தூக்கிப் போட வேண்டும்?

2024 ஜனவரி 31 அன்று அமெரிக்க நீதித் துறை ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அந்நாட்டின் சிறு அலுவலகங்களிலும் வீடுகளிலும் இருந்த நூற்றுக்கணக்கான ரவுட்டர்களுக்குள் வேறொருவரின் மென்பொருள் குடியேறியிருந்தது. சீன அரசின் ஆதரவு பெற்றது என்று அமெரிக்கா குற்றம்சாட்டும் 'வோல்ட் டைஃபூன்' என்ற குழு, மின்சாரம், குடிநீர் போன்ற அடிப்படை அமைப்புகளைக் குறிவைக்கும்போது தன் தடத்தை மறைக்க இந்தப் பெட்டிகளின் வழியே போய்வந்தது. சீனா இதை மறுக்கிறது. எஃப்.பி.ஐ. நீதிமன்ற அனுமதி பெற்று, தொலைவிலிருந்தே அந்த ரவுட்டர்களுக்குள் நுழைந்து தீய மென்பொருளை அழித்தது. பிடிபட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை, தயாரித்த நிறுவனங்களே 'ஆயுள் முடிந்தது' என்று கைகழுவிய சிஸ்கோ, நெட்கியர் மாடல்கள்.

ஆயுள் முடிந்ததாகச் சொல்லப்பட்ட அந்தப் பெட்டிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஓடியதால்தான் திருடனுக்கும் பயன்பட்டன. கைப்பற்றப்பட்ட ரவுட்டர் வழக்கம்போல் வேலை செய்ய வேண்டும் என்பதில் வீட்டுக்காரரைவிட அவனுக்கு அக்கறை அதிகம். ஆகவே பச்சை விளக்கு எரிகிறதா என்பது பாதுகாப்பைப் பற்றி நமக்கு எதுவும் சொல்லாது.

ரவுட்டர் உண்மையில் என்ன செய்கிறது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் பதிவேட்டோடு உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேனை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியுலகுக்கு அந்தக் கட்டடத்துக்கு ஒரே ஒரு முகவரி. உள்ளே எத்தனை வீடுகள், எந்த வீட்டில் யார் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். மூன்றாம் மாடிக்காரர் சாப்பாடு வரவழைத்தால் வாட்ச்மேன் அதைக் குறித்துக்கொள்கிறார். பொட்டலத்தோடு வருபவரை ஏட்டைப் பார்த்து மேலே அனுப்புகிறார். ஏட்டில் இல்லாதவர் வந்தால் வாசலோடு சரி. வீட்டு ரவுட்டரும் இதைத்தான் செய்கிறது. உள்ளே இருக்கும் கைப்பேசி, டிவி, மடிக்கணினி ஒவ்வொன்றுக்கும் ஓர் உள் எண்ணைக் கொடுக்கிறது. எது எந்தத் தளத்திடம் என்ன கேட்டது என்று ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு, வரும் பதிலை உரிய கருவியிடம் சேர்க்கிறது. இதற்கு முகவரிப் பெயர்ப்பு என்று பெயர். யாரும் கேட்காமல் வெளியிலிருந்து வருவதைத் தடுப்பது தீயரண். இரண்டும் ஒரே பெட்டிக்குள்.

ஆனால் வாட்ச்மேன் உட்கார்ந்திருப்பது தெருவைப் பார்த்து. உள்ளே இருப்பவர்களிடம் நேரே பேச முடியாதவனும் அவரிடம் பேச்சுக் கொடுக்கலாம். அவரையே ஏமாற்றிவிட்டால் பதிவேட்டுக்கு மதிப்பில்லை. வீட்டிலுள்ள மற்ற கருவிகளில் இருக்கும் ஓட்டையைவிட ரவுட்டரில் இருக்கும் ஓட்டை மோசமானது என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஏமாற்றுவது எப்படி? ரவுட்டர் என்பது திரையும் விசைப்பலகையும் இல்லாத ஒரு கணினி. செயலி உண்டு, நினைவகம் உண்டு, பெரும்பாலும் லினக்ஸ் இயங்குதளம் உண்டு. தொழிற்சாலையிலேயே பெட்டிக்குள் பதித்து அனுப்பப்படும் இந்த மென்பொருளை ஃபர்ம்வேர் என்கிறார்கள், தமிழில் நிலைமென்பொருள். இதில் பல லட்சம் வரிகள் இருக்கும். அத்தனை வரிகளை மனிதர்கள் எழுதினால் பிழைகளும் இருக்கும். எழுதியவர் எதிர்பார்க்காத நீளத்தில் ஒரு பெயர் வந்தால் தடுமாறும் நிரல், கடவுச்சொல்லைச் சரிபார்க்காமலே ஒரு பக்கத்தைத் திறந்துவிடும் நிரல் என்று பலவகை.

இங்கே ஒரு விசித்திரத்தைக் கவனிக்க வேண்டும். மென்பொருள் தேய்வதில்லை, துருப்பிடிப்பதில்லை. 2016இல் பதித்த வரிகள் இன்றும் எழுத்துப் பிசகாமல் அப்படியே இருக்கும். மாறுவது அவற்றைப் பற்றி வெளியுலகுக்குத் தெரிந்த விவரம். அன்று யாரும் கவனிக்காத பிழையை இன்று ஒருவர் கண்டுபிடித்து, எண் கொடுத்து, பொதுப் பட்டியலில் சேர்த்திருப்பார். இதில் கொடுமை என்னவென்றால், திருத்தம் வெளியிடுவதே தகவல் கசிவாகவும் ஆகிவிடுகிறது. புது மாடலுக்கு நிறுவனம் ஒரு திருத்தம் வெளியிட்டதும், தாக்க நினைப்பவர் பழைய மென்பொருளையும் புதியதையும் அருகருகே வைத்து எந்த வரி மாறியிருக்கிறது என்று பார்க்கிறார். மாறிய இடம்தான் ஓட்டை இருந்த இடம். அதே வரிகளைச் சுமந்துகொண்டு, திருத்தம் வராமல் நிற்கும் பழைய மாடல்களை அதன் பிறகு தேடிப் போனால் போதும். வருஷம் கூடக் கூட பழைய ரவுட்டரின் ஆபத்து கூடுவது இப்படித்தான். பெட்டி மாறவேயில்லை என்பதே அதன் பிரச்சினை.

இது வெறும் தர்க்கமா, நிலைமை உண்மையிலேயே இப்படித்தானா? ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 2020இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். அவர்களுடைய முறை எளிமையானது. 7 நிறுவனங்களின் 127 வீட்டு ரவுட்டர்களை எடுத்துக்கொண்டார்கள். பெட்டிகளை வாங்கவில்லை. நிறுவனங்கள் தங்கள் தளத்தில் வைத்திருந்த நிலைமென்பொருள் கோப்புகளைத் தரவிறக்கி, தாங்களே உருவாக்கிய ஒரு கருவியால் அவற்றைப் பிரித்துப் பார்த்தார்கள். கடைசித் திருத்தம் எப்போது வந்தது, உள்ளே இருக்கும் லினக்ஸ் எந்தப் பதிப்பு, மென்பொருளுக்குள்ளேயே மாற்ற முடியாதபடி பதித்த கடவுச்சொற்கள் உண்டா என்று கேள்விகள். குறையே இல்லாத ரவுட்டர் ஒன்றுகூட அகப்படவில்லை. 46 மாடல்களுக்கு அதற்கு முந்தைய ஓராண்டில் ஒரு பாதுகாப்புத் திருத்தமும் வந்திருக்கவில்லை. லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் பல பெட்டிகளில் அதை எழுதியவர்களே பராமரிப்பதை நிறுத்திப் பல ஆண்டுகளான பதிப்பாக இருந்தது. லின்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூ.ஆர்.டி.54ஜி.எல். என்ற புகழ்பெற்ற மாடலில் இருந்தது 2002ஆம் ஆண்டின் கெர்னல்.

இப்படி நேரக் காரணம் அலட்சியம் மட்டுமல்ல. ரவுட்டர் நிறுவனங்கள் பெரும்பாலும் சிப்பைச் சொந்தமாகச் செய்வதில்லை. சிப் விற்பவர், அதோடு ஒரு மென்பொருள் தொகுப்பையும் கொடுத்துவிடுகிறார். அந்தத் தொகுப்பு எந்த கெர்னலின் மேல் எழுதப்பட்டதோ அதிலேயே உறைந்து நிற்கும். ரவுட்டர் நிறுவனம் மேலே தன் பெயரையும் வண்ணத்தையும் பூசி விற்கிறது. அதனால் பளபளப்பான புதுப் பெட்டியைப் பிரித்தாலும் உள்ளே பழைய சரக்கு இருக்கலாம்.

"சரி, ஓட்டை இருக்கட்டும். என் வீட்டு ரவுட்டரில் யாருக்கு என்ன வேலை?" என்பது அடுத்து வரும் கேள்வி. நம் வீட்டை யாரும் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை என்பதே பதில். இணையத்தின் பழைய முகவரி முறையில் மொத்தம் சுமார் 430 கோடி எண்கள் இருக்கின்றன. பெரிய எண்ணாகத் தோன்றும். ஆனால் 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாகிர் துருமெரிக்கும் சக ஆய்வாளர்களும் 'இசட்மேப்' என்ற கருவியை வெளியிட்டு, நல்ல இணைப்புள்ள ஒற்றைக் கணினியால் இத்தனை முகவரிகளையும் 45 நிமிடங்களுக்குள் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட முடியும் என்று காட்டினார்கள். உலகத்தின் எல்லா வாசலையும் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் தட்டிவிடலாம் என்றால், எந்த வாசல் என்று யோசிப்பதற்கு என்ன அவசியம்?

2016இல் பரவிய 'மிராய்' என்ற தீய மென்பொருள் அப்படித் தட்டிப் பார்த்துத்தான் வளர்ந்தது. அதனிடம் பெரிய சூட்சுமம் எதுவும் இல்லை. தொழிற்சாலையில் வைத்து அனுப்பப்படும் அறுபத்துச் சொச்சம் பயனர்பெயர், கடவுச்சொல் ஜோடிகள் அடங்கிய ஒரு பட்டியல், அவ்வளவுதான். 'அட்மின், அட்மின்' ரகம். கேமராக்கள், வீடியோ பதிவுப் பெட்டிகள், ரவுட்டர்கள் என்று உச்சத்தில் சுமார் 6 லட்சம் கருவிகள் அதன் பிடியில் இருந்தன. 2016 அக்டோபர் 21 அன்று இத்தகைய கருவிகள் ஒரே நேரத்தில், பல தளங்களின் முகவரியைத் தேடித்தரும் 'டைன்' என்ற நிறுவனத்தின் மீது பாய்ந்ததில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் அமெரிக்காவின் பல பகுதிகளில் திறக்கவில்லை. மிராயை உருவாக்கிய குற்றத்தைப் பின்னர் ஒப்புக்கொண்ட மூவரும் இருபதை ஒட்டிய வயதுக்காரர்கள்.

6 லட்சம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? இணையத்தில் எந்தக் கணினியும் இல்லாத வெற்று முகவரிகளைப் பெருமளவில் ஒதுக்கிவைத்து, அங்கே என்ன வந்து விழுகிறது என்று ஆய்வாளர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆளில்லாத வீட்டைத் தட்டுபவன் எல்லா வீட்டையும் தட்டுபவனாகத்தான் இருக்க வேண்டும். மிராய் ஆய்வுக்குப் பயன்பட்டது இப்படிப்பட்ட 47 லட்சம் முகவரிகள் கொண்ட ஒரு தொகுதி. அதோடு மிராயை எழுதியவர்கள் அறியாமல் ஒரு கைரேகையையும் விட்டிருந்தார்கள். இணையத்தில் தொடர்பு தொடங்கும் ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரு வரிசை எண் இருக்கும். அது தற்செயலாக அமைய வேண்டிய எண். மிராய் அனுப்பிய பொட்டலங்களில் மட்டும் அது, போய்ச்சேர வேண்டிய முகவரியாகவே இருந்தது. அந்த அடையாளத்தை வைத்து எண்ணிவிட்டார்கள்.

இப்படித் தட்டிப் புகும் தாக்குதல் இந்தியாவிலும் நடந்தது. 2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். அகலக்கற்றை வாடிக்கையாளர்களின் மோடம்கள் கூட்டம் கூட்டமாக முடங்கின. ஆரம்பக் கடவுச்சொல்லை மாற்றாமலே விட்டிருந்த சுமார் 60,000 மோடம்கள் பாதிக்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன. இதைச் செய்தது 'பிரிக்கர்பாட்' என்ற மென்பொருள். அது மோடத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளாமல் செங்கல்லாக்கிவிட்டுப் போகும் வகை. ஒரு விதத்தில் அந்த வாடிக்கையாளர்களுக்காவது விஷயம் தெரியவந்தது.

தெரியவே வராத வகை இன்னும் மோசம். பிரேசிலில் நடந்ததை காஸ்பர்ஸ்கி நிறுவனத்தின் ஃபாபியோ அசோலினி 2012இல் விவரித்தார். ஒரு தளத்தின் பெயரைத் தட்டச்சு செய்தால் அதற்குரிய எண் முகவரி என்ன என்று ரவுட்டர் ஒரு சேவையகத்திடம் கேட்டுச் சொல்லும். டி.என்.எஸ். என்பது இந்த ஏற்பாடு. ஆறு நிறுவனங்களின் மோடம்களில் இருந்த பிழை ஒன்றைப் பயன்படுத்தி, யாரிடம் கேட்பது என்ற அமைப்பை மட்டும் மாற்றிவிட்டார்கள். அதற்காகவே 40 போலிச் சேவையகங்கள் காத்திருந்தன. சுமார் 45 லட்சம் மோடம்கள். வீட்டுக்காரர் வங்கியின் பெயரைச் சரியாகத்தான் அடிப்பார், திறப்பது வேறொருவரின் பக்கமாக இருக்கும். இன்று பூட்டுக்குறி போட்ட தளங்களில் உலாவி சான்றிதழைச் சரிபார்த்து எச்சரிக்கும் என்பதால் இந்த வித்தை அவ்வளவு சுலபமில்லை. ஆனால் எச்சரிக்கை வந்தால் 'பரவாயில்லை, தொடர்க' என்று அழுத்துபவர்கள் நம்மில் எத்தனை பேர்!

இத்தனையும் தெரிந்துகொண்டு கடைக்குப் போனால் அங்கே நம்மிடம் பேசப்படுவது ஆன்டெனா எண்ணிக்கை. நான்கு கொம்பு, ஆறு கொம்பு, 'மூணு பெட்ரூமுக்கும் அடிக்கும் சார்'. அட்டைப்பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் வேகம். பாதுகாப்புக்கு உரிய கேள்வியோ ஒன்றே ஒன்று: இந்த மாடலுக்கு எந்த ஆண்டு வரை திருத்தங்கள் வரும்? கடைக்காரருக்குத் தெரியாது. பெட்டியிலும் போட்டிருக்காது. ஆனால் இப்போது கண்டுபிடிக்க ஒரு குறுக்குவழி இருக்கிறது. 2024 ஏப்ரல் 29 முதல் பிரிட்டனில் அமலில் உள்ள ஒரு சட்டப்படி, இணையத்தோடு இணையும் வீட்டுப் பொருள் விற்பவர் குறைந்தது எந்தத் தேதி வரை பாதுகாப்புத் திருத்தம் தருவோம் என்பதை வெளியிட்டாக வேண்டும். எல்லாப் பெட்டிக்கும் ஒரே ஆரம்பக் கடவுச்சொல் வைப்பதும் அங்கே தடை. ஆகவே நாம் வாங்க நினைக்கும் மாடல் பிரிட்டனிலும் விற்கப்பட்டால், அந்த நிறுவனத்தின் பிரிட்டன் பக்கத்தில் தேதி கிடைக்கும். இந்தியாவுக்கு அது உறுதிமொழி ஆகாது என்றாலும், நிறுவனம் அந்த மாடலை எத்தனை காலம் கவனிக்க நினைக்கிறது என்று தெரிந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியத்திலும் 2027 டிசம்பரில் முழுமையாக அமலுக்கு வரும் சட்டம் பொதுவாக ஐந்தாண்டு ஆதரவையாவது கேட்கிறது. சிங்கப்பூரில் வசிப்பவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். அங்கே 2020 முதல் ரவுட்டர்களுக்கு ஒன்று முதல் நான்கு வரை நட்சத்திரம் போட்ட பாதுகாப்பு முத்திரை இருக்கிறது.

தேதியைப் பார்க்கும்போது இரண்டு பொறிகளில் விழாமல் இருக்க வேண்டும். ஆதரவுக்காலத்தின் கடிகாரம் பெரும்பாலும் மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து, அல்லது நிறுவனம் அதை விற்பதை நிறுத்திய நாளிலிருந்து ஓடும். நாம் பில் போட்ட நாள் அதற்குத் தெரியாது. நான்காண்டு பழைய மாடல் தள்ளுபடியில் கிடைக்கிறது என்றால், தள்ளுபடியானது விலை மட்டுமில்லை. இன்னொன்று, அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் மாடல் பெயருக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் வன்பொருள் பதிப்பு எண். பெயர் ஒன்றாக இருந்தாலும் பதிப்பு ஒன்றுக்கும் மூன்றுக்கும் உள்ளே சிப்பே வேறாக இருக்கலாம், திருத்தமும் ஒன்றுக்கு வந்து மற்றதற்கு வராமல் போகலாம். பதிப்போடு சேர்த்துத்தான் தேட வேண்டும்.

திருத்தம் வெளியானால் போதாது, அது நம் பெட்டிக்குள் வந்து சேரவும் வேண்டும். தானாகவே இரவில் இறக்கிப் பொருத்திக்கொள்ளும் வசதி உள்ள மாடலை மட்டுமே நான் பரிந்துரைப்பேன். மாதம் ஒருமுறை ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து புதிதாக ஏதும் வந்திருக்கிறதா என்று பார்ப்பேன் என்று சொல்பவர்களை நான் மதிக்கிறேன், நம்புவதில்லை.

எந்த நாட்டு நிறுவனம் என்று பலர் கேட்கிறார்கள். அரசு அலுவலகத்துக்கு அந்தக் கேள்வி முக்கியமாக இருக்கலாம். வீட்டைப் பொறுத்தவரை அதை இரண்டாம் இடத்துக்குத் தள்ளுவேன். வோல்ட் டைஃபூன் பிடித்த பெட்டிகளில் பெரும்பாலானவற்றின் மேல் இருந்தது அமெரிக்கப் பெயர். அவற்றைக் காப்பாற்றியிருக்க வேண்டியவை, வராமல் நின்றுபோன திருத்தங்கள்.

இதுவரை பேசியது தெருப்பக்கம். ரவுட்டருக்கு இன்னொரு பக்கம் உண்டு. அதன் வானொலி அலை சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்கும் போகும். அங்கே காப்பது குறியாக்கம். 2004இல் வந்த டபிள்யூ.பி.ஏ.2 என்ற முறையே இன்னும் பல வீடுகளில். இதில் கைப்பேசியும் ரவுட்டரும் கடவுச்சொல்லைக் காற்றில் அனுப்புவதே இல்லை. இருவரும் ஆளுக்கொரு தற்செயல் எண்ணைச் சொல்லிக்கொள்கிறார்கள். அவரவர் தனக்குத் தெரிந்த கடவுச்சொல்லோடு அந்த எண்களைக் கலந்து ஒரு சான்றை உருவாக்கி அனுப்ப, சான்றுகள் பொருந்தினால் இணைப்பு. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் வெளியே காரில் உட்கார்ந்திருப்பவன் எண்களையும் சான்றையும் பதிவுசெய்துகொண்டு போய்விடலாம். வீட்டில் நிதானமாக ஒவ்வொரு கடவுச்சொல்லாகக் கலந்து பார்த்து, அதே சான்று வருகிறதா என்று சோதிக்கலாம். எத்தனை முறை தவறினாலும் நம் ரவுட்டருக்குத் தெரியாது.

2021இல் சைபர்ஆர்க் நிறுவனத்தின் ஆய்வாளர் இடோ ஹூர்விச் டெல் அவிவ் நகரத் தெருக்களில் சுற்றி, இப்படிச் சோதித்துப் பார்க்கக்கூடிய சான்றுகளை 5,000 வைஃபை இணைப்புகளிலிருந்து திரட்டினார். அவற்றில் 70 விழுக்காட்டுக்கும் மேலானவை உடைந்தன. காரணம், ஏராளமானோர் தங்கள் கைப்பேசி எண்ணையே கடவுச்சொல்லாக வைத்திருந்தார்கள். நம் ஊரிலும் இணைப்புக் கொடுக்க வருபவர் "உங்க நம்பரையே போட்டுடட்டுமா?" என்று கேட்பது வழக்கம்தானே. கணக்கைப் பாருங்கள். இந்தியக் கைப்பேசி எண் பத்து இலக்கம், முதல் இலக்கம் 6 முதல் 9 வரை. மொத்தம் 400 கோடி வாய்ப்புகள். கணினி விளையாட்டுக்கு வாங்கும் உயர்ரக கிராஃபிக்ஸ் அட்டை வினாடிக்குப் பத்து லட்சம் கடவுச்சொற்களைச் சோதிக்கிறது என்று வைத்துக்கொண்டால், அத்தனையையும் முடிக்க ஒரு மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும்.

2018இல் அறிவிக்கப்பட்ட டபிள்யூ.பி.ஏ.3 இந்தக் குறையைத்தான் குறிவைத்தது. இதில் பரிமாறப்படும் எண்களைப் பதிவுசெய்து கொண்டுபோய்ப் பயனில்லை. அவற்றிலிருந்து ஒரு ஊகம் சரியா என்று சோதிக்கவே முடியாதபடி கணிதம் அமைந்திருக்கிறது. ஒவ்வொரு ஊகத்துக்கும் ரவுட்டரிடமே வந்து கேட்க வேண்டும், வினாடிக்குப் பத்து லட்சம் முறை கேட்டால் அது பதில் சொல்லாது. இதிலும் 2019இல் மேத்தி வான்ஹோஃப், எயல் ரோனன் ஆகியோர் குறைகளைக் கண்டுபிடித்தார்கள். திருத்தங்கள் வந்தன, திருத்தம் பெறும் பெட்டிகள் சரியாயின. வைஃபை 6 சான்று பெற்ற ரவுட்டர் எதிலும் டபிள்யூ.பி.ஏ.3 கட்டாயம் இருக்கும் என்பதால் அந்தச் சான்றைத் தேடுவது எளிய வழி. வீட்டில் பழைய கைப்பேசிகள் இருந்தால் இரண்டு முறையும் கலந்த அமைப்பில் வைக்க நேரும். அப்படி வைத்தால் பழைய ஓட்டை பழைய கருவிகளுக்காகத் திறந்தே இருக்கும், எனவே நீண்ட கடவுச்சொல்லை விட்டுவிட முடியாது.

டபிள்யூ.பி.எஸ். என்ற வசதியைப் பற்றியும் சொல்ல வேண்டும், பாதுகாப்பு எப்படி எண்ணிக்கையில் ஏமாற்றும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் இல்லை. கடவுச்சொல் அடிக்கச் சிரமப்படுபவர்களுக்காக எட்டு இலக்க எண் ஒன்றைப் பெட்டியின் அடியில் அச்சிட்டுக் கொடுத்தார்கள். எட்டு இலக்கம் என்றால் 10 கோடி வாய்ப்பு. அதில் கடைசி இலக்கம் மற்ற ஏழிலிருந்து கணக்கிட்டுப் பெறுவது, எனவே 1 கோடி. இதுவும் போதுமானதே. ஆனால் 2011 டிசம்பரில் ஸ்டெஃபான் ஃபீபாக் என்பவர், ரவுட்டர் இந்த எண்ணை இரண்டு துண்டாகச் சரிபார்ப்பதைச் சுட்டிக்காட்டினார். முதல் நான்கு இலக்கம் தவறு என்றால் அங்கேயே தவறு என்று சொல்லிவிடுகிறது. ஆகவே முதலில் அதிகபட்சம் 10,000 முயற்சியில் முன்பாதியைக் கண்டுபிடித்துவிடலாம். பிறகு மூன்று இலக்கத்துக்கு 1,000. பெருக்க வேண்டியது கூட்டலாகிவிட்டது: ஒரு கோடி இருந்த இடத்தில் 11,000. சில மணி நேர வேலை. பழைய பெட்டிகளில் இது இன்னும் இருக்கிறது. புதிதாக வாங்குவதில் இருந்தால் அணைத்துவிடுங்கள். தொலைவிலிருந்து நிர்வகிக்கும் வசதியையும் அப்படியே.

தமிழ்நாட்டில் இன்று ஃபைபர் இணைப்பு உள்ள பல வீடுகளில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. கண்ணாடி இழை வந்து முடியும் ஓ.என்.டி. பெட்டியே வைஃபையும் கொடுக்கிறது. அதை இணைப்பு தரும் நிறுவனம் தன் இடத்திலிருந்தே நிர்வகிக்கும், அதன் திருத்தங்கள் நம் கையில் இல்லை. நாம் செலவழித்து வாங்கிய நல்ல ரவுட்டரை அதன் பின்னால் செருகிவிட்டு, பழைய பெட்டியின் வைஃபையை அணைக்காமல் விட்டால் வீட்டுக்குப் புது வாட்ச்மேனும் உண்டு, கதவு திறந்த கொல்லைப்புறமும் உண்டு. இணைப்பு தருபவரிடம் சொல்லி அந்தப் பெட்டியைப் 'பிரிட்ஜ் மோடு' என்ற நிலைக்கு மாற்றச் சொல்லலாம். அப்போது அது இழையிலிருந்து வருவதை அப்படியே கடத்துவதோடு நின்றுவிடும். சிலர் செய்துதருவார்கள், சிலர் மறுப்பார்கள். ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் முதல் எந்த ரவுட்டரை மாட்டுவது என்பது வாடிக்கையாளரின் சட்ட உரிமை. இங்கே அது நிறுவனத்தின் தயவு. மறுத்தால் அதன் வைஃபையையாவது அணைக்கச் சொல்லுங்கள்.

கொஞ்சம் கைவேலை தெரிந்தவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. மேலே சொன்ன லின்க்சிஸ் குடும்பத்தின் முதல் மாடலில் லினக்ஸ் இருப்பது தெரியவந்து, உரிம விதிப்படி நிறுவனம் 2003இல் மூலநிரலை வெளியிட நேர்ந்தது. அதிலிருந்து கிளைத்த ஓபன்டபிள்யூ.ஆர்.டி. என்ற தன்னார்வத் திட்டம் இன்றும் நூற்றுக்கணக்கான மாடல்களுக்குத் திருத்தம் தருகிறது. நிறுவனம் கைகழுவிய பிறகும் அந்தப் பெட்டிகளுக்கு வேறொரு பராமரிப்பாளர் இருக்கிறார். எதை வாங்குவது என்று இரண்டு மாடல்களுக்கு நடுவே தயங்கினால், இந்தத் திட்டத்தின் பட்டியலில் இருப்பதை எடுங்கள். இன்று தேவைப்படாவிட்டாலும் ஐந்தாறு ஆண்டு கழித்துத் தேவைப்படும்.

புதியதை மாட்டிய பிறகு பழைய பெட்டியை மாடி அறைக்கு சிக்னல் நீட்டிக்க வைத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் உண்டு. ஊரில் இருக்கும் அத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதும் உண்டு. மாடியில் மாட்டினால் பழைய மென்பொருள் வீட்டுக்குள்ளேயே இருக்கும், அத்தை வீட்டில் அது நேராகத் தெருவைப் பார்க்கும். ஓபன்டபிள்யூ.ஆர்.டி. ஏற்க முடியாத பெட்டி என்றால், பின்புறப் பொடித்துளையில் குண்டூசியை விட்டுப் பத்து வினாடி அழுத்தி நம் கடவுச்சொற்களை அழித்துவிட்டு, மின்கழிவு எடுப்பவரிடம் கொடுத்துவிடலாம். அத்தைக்கு ரவுட்டர் வேண்டுமென்றால் திருத்தம் வரும் மாடலாகவே ஒன்று வாங்கிக் கொடுங்கள். ஆன்டெனா இரண்டு போதும்.